ஊரின் பெயர் பெற்ற திரைச்சீலை

உரோமைக்குத் திருயாத்திரை சென்று வருவோர், வத்திக்கான் அருங்காட்சியகத்தில் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கிச் செல்லும் வழியில், ‘அராட்ஸி’ கூடம் என்னும் நீண்ட மண்டபத்தைக் கடந்திருப்பர். சுவரெங்கும் சித்திரங்கள், ஆனால் தூரிகையால் தீட்டியவை அல்ல, தறியில் நெய்தவை. அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

சாதாரணத் துணியில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். இத்திரைச்சீலையிலோ ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய இடத்தில் மட்டும் போய்த் திரும்பும். பாவு முற்றும் மறைந்துவிடும். ஆகவே சித்திரம் துணியின்மேல் இருப்பதன்று, சித்திரமே துணி.

ஆங்கிலத்தில் இதனை ‘டேப்பஸ்ட்ரி’ என்பர். அது பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல். அதன் மூலம், கம்பளி விரிப்பைக் குறிக்கும் ‘தபேஸ்’ என்னும் கிரேக்கச் சொல். அதே வேரினின்று ஜெர்மானியர் தரைவிரிப்பைத் ‘தெப்பிஷ்’ என்றும், சுவரில் ஒட்டும் வண்ணத்தாளைத் ‘தபேத்தெ’ என்றும் வழங்குகின்றனர். விரிப்பாய்க் கிடந்த சொல் சுவரேறிக் காகிதமாயிற்று!

‘அராட்ஸோ’ என்னும் இத்தாலியச் சொல்லின் கதை வேறு. வட பிரான்சில் அராஸ் என்றொரு நகரம் உண்டு. பர்கண்டிக் கோமக்களின் ஆதரவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அதன் தறிகள் பெரும் புகழ் ஈட்டின. தூர்னே பேராலயத்திலுள்ள புனிதர் வரலாற்றுத் திரைச்சீலைகள் 1402இல் அங்கு நெய்யப்பட்டவையே. ஊரின் பெயரே பொருளின் பெயராயிற்று. இத்தாலியர் ‘அராட்ஸோ’ என்றனர். போலந்தினர் ‘அர்ராஸ்’ என்றனர். போர்த்துக்கீசியர் முதலெழுத்தை விழுங்கி ‘ராஸ் துணி’ என்றனர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியுஸ் ஒளிந்திருந்து குத்துண்டு மாய்வதும் ஓர் ‘ஆரஸ்’ திரையின் பின்னேதான்.

அந்நகருக்கு நேர்ந்த கதியோ கொடிது. 1477இல் பிரெஞ்சு மன்னன் பதினோராம் லூயி அதனைக் கைப்பற்றினான். மக்கள் பணிய மறுக்கவே, 1479இல் குடிகளை வெளியேற்றி, அயலூராரைக் குடியேற்றி, ஊரின் பெயரையும் ‘பிராங்கிஸ்’ என மாற்றினான். ‘சுதந்திரம்’ என்பது அதன் பொருளாம்! சில ஆண்டுகளில் பழைய பெயர் மீண்டது. நெசவின் தலைமையோ தூர்னேக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் போய்விட்டது.

ஆயினும் மன்னனால் அழிக்க இயலாததை அயல்மொழிகள் காத்து வந்தன. திருத்தந்தை பத்தாம் சிங்கராயர், சிஸ்டைன் சிற்றாலயத்திற்காகப் புனித இராயப்பர், சின்னப்பர் வாழ்க்கைக் காட்சிகளை வரையுமாறு 1515இல் இரபேலைப் பணித்தார். அவற்றை நெய்தது பிரஸ்ஸல்ஸ். 1519 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளன்று ஏழு சீலைகள் அங்குத் தொங்கின. அராஸ் தறி ஒன்றும் அவற்றைத் தொட்டதில்லை. எனினும் இத்தாலியர்க்கு அவை இன்றும் ‘அராட்ஸி’யே.

ஜெர்மானியரும் இரஷ்யரும் ‘கோபலின்’ என்றும் கூறுவர். அது பாரிஸில் ஒரு குடும்பத்தின் பெயர். அவர்களது தொழிற்கூடம் இருந்த இடத்தில்தான் 1662இல் பதினான்காம் லூயியின் அரசு தன் நெசவாலையை அமைத்தது. பெயர்ப் பொருத்தம் பார்த்தால் எம் வாக்கு அராஸுக்கே. அங்கிருந்தோர் நெசவாளர், கோபலின் குடும்பத்தாரோ நூலுக்குச் சாயமேற்றியோர்.