மக்கள் பூங்காவில் மக்கள் எங்கே?



சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, ரிப்பன் மாளிகையின் வெண்மை கண்டு வியந்து, நேரு விளையாட்டரங்கின் பக்கம் நடக்கிறீர்களே, அப்போது உங்கள் கால்கள் மிதிப்பது ஒரு பூங்காவை என்பதை அறிவீர்களா? பூவைக் காணோம், புல்லைக் காணோம், இதுவா பூங்கா என்பீர்கள். ஆம், பூங்காதான்! 116 ஏக்கர்!

1859ஆம் ஆண்டு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யானின் எண்ணத்தில் உதித்தது அது. (அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நெஞ்சில் ஈரமற்றவர் எனப் பழிக்கப்பட்டவர்; இங்கோ வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்து மறு ஆண்டே பதவி இழந்தவர். விந்தை மனிதர்!) பீப்பிள்ஸ் பார்க் என்று பெயரிட்டனர். மக்கள் பூங்கா! குளங்கள் வெட்டினர், இசைமேடை அமைத்தனர். எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சியும் அங்கே குடிபெயர்ந்தது. பதப்படுத்திய உடல்கள் இருந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உறுமலும் கூவலும் கேட்ட இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தானே ஏழைச் சென்னைவாசி, எந்தப் புலவன் கற்றுக்கொடுத்தான் அவனுக்கு?

அந்த மண்தான் துண்டு துண்டாகக் குறைந்தது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம்... எதுவும் வீணென்று கூறவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு உயிர் காலேஜும் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டு எஞ்சிற்று. யாரோ ஒரு சீமாட்டியின் பெயர் நிலைத்தது. மக்களின் பெயர் மறைந்தது!

அந்தத் துண்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நீரூற்று, வண்ண விளக்கு, சிமெண்டு மான் என்றே சிந்தனை ஓடுவானேன்? பழைய எல்லையைத் தரையில் கற்கோடாகப் பதிக்கலாமே! வேலியோடு நில்லாமல், அக்கோடு சாலையைக் கடந்து, மூர் மார்க்கெட் இருந்த இடத்து ரயிலடி வரை ஓடட்டும். பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்பவன் குனிந்து பார்த்து, இது என்ன கோடு என்று கேட்கட்டும். குளத்தின் பள்ளம் ஒன்றை மீட்டால் மழைநீரும் தேங்கும். 'உயிர் காலேஜ்' என்ற பெயரை அப்படியே, அந்தக் கொச்சையோடே, பலகையில் எழுதட்டும்.

இன்னொன்று. 1886 டிசம்பர் 31. பூங்காவில் கேளிக்கைச் சந்தை. தீப்பற்றியது, ஓட வழியின்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களில் வாழ்கின்றன. அன்று புத்தாடை உடுத்திப் பிள்ளையின் கைபிடித்து வந்தவர்களுக்கு, வருவோர் கண்ணில் படும்படி, நுழைவாயிலில் ஒரு கல் நடலாகாதா?

தோழர்களே, உங்கள் வட்டத்தில் இது பற்றிப் பேசுங்கள், மனு எழுதுங்கள். மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையே அந்தப் பூங்கா மண்ணில்தான் நிற்கிறது. அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.