மின் கட்டணம்: தேர்வுரிமையா, மறதிக்கு அபராதமா?

பிரிட்டனில் ஒரே தெருவில், ஒரே கம்பிவடத்திலிருந்து மின்சாரம் பெறும் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே அளவு மின்சாரத்துக்கு வெவ்வேறு தொகை செலுத்துவது சாதாரணச் செய்தி. ஒரு வீட்டார் ஓராண்டுக்கு விலை மாறாத ஒப்பந்தத்தில் இருப்பார்கள். மற்ற வீட்டாரின் ஒப்பந்தம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். அவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். விளக்கும் எரிகிறது, குளிர்பதனப் பெட்டியும் ஓடுகிறது. மாறியது கட்டணம் மட்டுமே.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து பகுதிகளில் மின்துறை 1990-இல் தனியார்மயமாகத் தொடங்கியது. மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1999-க்குள் எல்லா வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது. கம்பியும் கம்பமும் மீட்டரும் அப்படியே இருக்க, கட்டணச் சீட்டு அனுப்பும் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போட்டி பெருகினால் விலை குறையும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. கால் நூற்றாண்டு கடந்த நிலையில், அந்த நம்பிக்கை எந்த அளவுக்குப் பலித்தது என்பதை அளந்து பார்க்க நல்ல உரைகல், மாறா விலை ஒப்பந்தம் முடிவடையும் அந்த ஒரு நாள்தான் என்று நான் கருதுகிறேன்.

அன்று நடப்பது இதுதான். ஒப்பந்தம் முடிவதற்கு 49 முதல் 42 நாள்களுக்கு முன்பாக நிறுவனம் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கடைசி 49 நாள்களில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் வெளியேறும் கட்டணம் வசூலிக்கக் கூடாது. வாடிக்கையாளர் எதுவும் செய்யாவிட்டாலும் மின்சாரம் துண்டிக்கப்படாது. பொதுவாக அந்த நிறுவனத்தின் வழக்கமான மாறும் கட்டணத்துக்கு அவர் தானாகவே நகர்த்தப்படுவார். பல ஆண்டுகளாகச் சந்தையில் விலை உயர்ந்த திட்டங்களுள் ஒன்றாக இருந்தது அந்தக் கட்டணம்தான்.

கணக்கில் ஒளிந்திருப்பவை

‘ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதைத் தேர்ந்தெடுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. கேட்க எளிது, செய்து பார்த்தால் அதன் சிக்கல் தெரியும்.

கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, யூனிட்டுக்கு உரிய விலை. மற்றொன்று, ஒரு விளக்கைக்கூடப் போடாவிட்டாலும் நாள்தோறும் சேரும் நிலைக்கட்டணம். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த விலை உச்சவரம்பு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் செலுத்துவோருக்குச் சராசரியாக யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், நிலைக்கட்டணம் நாளொன்றுக்கு 53.68 பென்ஸ். ஆண்டுக்கு 2,700 யூனிட் செலவிடும் வீட்டை ஆஃப்ஜெம் அப்போது சராசரி வீடாகக் கொண்டது. அந்த விலை ஆண்டு முழுவதும் நீடித்தால் அத்தகைய வீட்டின் மின் கட்டணம் சுமார் 907 பவுண்டு. அதில் 196 பவுண்டு நிலைக்கட்டணம்.

இப்போது கற்பனையாக ஒரு மாறா விலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 24 பென்ஸ். நிலைக்கட்டணம் நாளொன்றுக்கு 65 பென்ஸ். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 24 பென்ஸாகத்தான் இருக்கும். சராசரி வீட்டுக்கு இத்திட்டத்தில் ஆண்டுச் செலவு 885 பவுண்டு. 22 பவுண்டு மிச்சம். ஆனால், தனியாக வாழும் முதியவர் ஒருவர் ஆண்டுக்கு 1,200 யூனிட் மட்டுமே செலவிடுகிறார் என்று வையுங்கள். பழைய கட்டணத்தில் அவர் 512 பவுண்டு செலுத்துவார்; ‘மலிவான’ திட்டத்துக்கு மாறினால் 525 பவுண்டு. மாறியதால் அவருக்கு 13 பவுண்டு நட்டம். ஏறத்தாழ 1,760 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீட்டுக்கு மட்டுமே அத்திட்டம் ஆதாயம் தரும்.

ஆகவே, எது மலிவு என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. யாருக்கு மலிவு என்று கேட்க வேண்டும். அதற்கு நம் வீட்டின் ஓராண்டு நுகர்வு எத்தனை யூனிட் என்று தெரிந்திருக்க வேண்டும். மாதந்தோறும் செலுத்தும் தொகையைக் கொண்டு ஒப்பிடுவது பயன் தராது. அது ஆண்டு முழுவதற்கும் சமமாகப் பிரித்த மதிப்பீடு; கோடையில் சேர்ந்த மிகையோ குளிர்காலத்தின் பற்றாக்குறையோ அதில் கலந்திருக்கும்.

உச்சவரம்பு என்ற சொல்லும் பலரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது. அதே காலாண்டில் செய்திகளில் அடிபட்ட 1,755 பவுண்டு என்பது மின்சாரம், எரிவாயு இரண்டையும் சராசரி அளவில் பயன்படுத்தும் வீட்டின் ஓராண்டு மதிப்பீடு. அதற்குமேல் கட்டணம் வராது என்று நம்புவோர் உண்டு. உண்மையில் வரம்பு யூனிட் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டுமே. அதிகம் செலவிட்டால் அதிகம் செலுத்தத்தான் வேண்டும். அந்த வரம்பும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாறும். மாறா விலை ஒப்பந்தத்தில் சேர்பவர் இன்றைய வரம்போடு மட்டும் ஒப்பிட்டுவிட முடியாது. அடுத்த நான்கு காலாண்டுகளில் விலை எப்படிப் போகும் என்றும் ஊகிக்க வேண்டும். மின்சாரம் மொத்தமாக வாங்கும் வணிகர்கள் செய்ய வேண்டிய ஊகம், சமையலறை மேசையில் அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவியின் தலையில் ஏற்றப்படுகிறது.

ஒப்பிடாதவர்கள் யார்?

இந்தச் சுமையை எல்லோரும் சமமாகச் சுமப்பதில்லை. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இரண்டாண்டு விசாரணை நடத்தி 2016-இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்கியது. ஆறு பெரிய நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வழக்கமான மாறும் கட்டணத்திலேயே தங்கியிருந்தனர். முழுமையான போட்டி நிலவியிருந்தால் செலுத்தியிருக்க வேண்டியதைவிட ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்டு கூடுதலாக மக்கள் செலுத்தி வந்தனர் என்று ஆணையம் மதிப்பிட்டது. நிறுவனம் மாறாதவர்களில் குறைந்த வருமானத்தினர், வாடகை வீட்டினர், மேற்படிப்பு இல்லாதோர், மாற்றுத்திறனாளிகள், 65 வயதைக் கடந்தோர் ஆகியோரின் பங்கு கூடுதலாக இருந்தது.

ஒப்பிடுவதற்கு நேரமும் இணைய வசதியும் ஆங்கிலப் படிவங்களை நிரப்பும் துணிவும் தேவை. பிரிட்டனில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் மூத்த தலைமுறைக்கும் இது பொருந்தும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. விழிப்பானவருக்குக் கிடைத்த சலுகை, விழிப்பில்லாதவரின் பையிலிருந்து வந்தது. புதியவரை ஈர்க்க விலையைக் குறைத்த நிறுவனங்கள், பழையவரின் மறதியில் அதை ஈடுகட்டின. நீண்டகால விசுவாசத்துக்கு இச்சந்தை தந்த பரிசு, கூடுதல் கட்டணம்.

சந்தையை முழுமையாக நம்பிய ஒரு நாடு இறுதியில் சட்டத்தின் துணையை நாட நேர்ந்தது. 2013-இல் தொழிற்கட்சியின் எட் மிலிபாண்ட் மின் விலையை முடக்கி வைப்பேன் என்று அறிவித்தபோது கன்சர்வேடிவ் கட்சியினர் அதைக் கடுமையாகச் சாடினர். அதே கட்சியின் தெரசா மே அரசுதான் 2018-இல் விலை உச்சவரம்புச் சட்டத்தை நிறைவேற்றியது; 2019 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பிடாதவரையும் ஓரளவு காக்க வேண்டும் என்ற ஒப்புதல் அச்சட்டத்தில் பொதிந்திருக்கிறது.

புயல் அடித்தபோது

ஒப்பிடுதல் என்ற மருந்து அமைதியான காலத்தில் மட்டுமே வேலை செய்யும் என்பதை 2021 காட்டியது. எரிவாயுவின் மொத்தச் சந்தை விலை தாறுமாறாக ஏறியது. முன்கூட்டியே மின்சாரமும் எரிவாயுவும் வாங்கி வைக்காமல், குறைந்த விலையை வாக்களித்து வாடிக்கையாளரைச் சேர்த்திருந்த சிறு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூடப்பட்டன. சுமார் 15 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த ‘பல்ப்’ நிறுவனத்தை அந்த ஆண்டு நவம்பரில் அரசின் நிதியுதவியோடு சிறப்பு நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கவனமாகத் தேடி மலிவான ஒப்பந்தம் போட்டவர்களில் பலருக்கு அந்த ஒப்பந்தம் பாதியிலேயே செல்லாமல் போனது. நிறுவனமே இல்லாதபோது அதன் வாக்குறுதி எங்கிருந்து வரும்? அவர்கள் வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, உச்சவரம்புக் கட்டணத்துக்கு வந்தனர். இந்த மாற்றங்களுக்கான செலவை, பல்ப் நீங்கலாக, சுமார் 270 கோடி பவுண்டு என்றும், வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு என்றும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-இல் கணக்கிட்டது. அது பெரும்பாலும் நிலைக்கட்டணத்தின் வழியாகவே எல்லோரிடமும் வசூலானது. மலிவு விலையை ஒருபோதும் அனுபவிக்காதவரும் அதன் தோல்விக்குப் பங்கு செலுத்தினார்.

சரியாத நிறுவனங்களில் இருந்தவர்களின் ஒப்பந்தம் 2022-இல் முடிந்தபோது, ஒப்பிடுவதற்குச் சந்தையில் உருப்படியான திட்டமே இல்லை. 2021 ஏப்ரலில் 1,138 பவுண்டாக இருந்த உச்சவரம்பு ஓராண்டில் 1,971 ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் அது 3,549 ஆக உயர இருந்த நிலையில், அரசு குறுக்கிட்டுச் சராசரி வீட்டின் கட்டணத்தை 2,500 பவுண்டு அளவில் நிறுத்தியது. நெருக்கடியில் வீடுகளைக் காத்தது தேர்வுரிமை அன்று, அரசின் கருவூலம்தான்.

நமக்கு என்ன பாடம்?

தமிழ்நாட்டில் நாம் மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. குறிப்பிட்ட அளவு வரை மின்சாரம் இலவசம். நுகர்வு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும். பிரிட்டனில் நிலை தலைகீழ். மேற்கண்ட கணக்கில், 2,700 யூனிட் செலவிடும் வீட்டுக்கு நிலைக்கட்டணத்தையும் சேர்த்து ஒரு யூனிட் சுமார் 34 பென்ஸ். 1,200 யூனிட் செலவிடும் முதியவருக்கோ சுமார் 43 பென்ஸ். சிக்கனமாக இருப்பவர் யூனிட்டுக்கு அதிகம் தருகிறார்.

இந்த வேறுபாட்டை இப்போதே எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே கம்பிவடத்தைப் பகிர்ந்து மின்சாரம் வழங்க வழிசெய்யும் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்குச் சென்றது. 2025 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வரைவிலும் அதே நோக்கம் மீண்டும் இடம்பெற்றது. இவ்விவாதத்தில் மாநில உரிமை, மானியம், ஊழியர் நலன் ஆகியவை பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. ஆனால், தேர்ந்தெடுக்கத் தவறும் குடும்பம் எந்தக் கட்டணத்தில் விடப்படும் என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை.

போட்டியே கூடாது என்பது என் வாதமன்று. மோசமான சேவையிலிருந்து விலகிச் செல்லும் உரிமை மதிப்புள்ளதுதான். ஆயினும், மூன்று பாதுகாப்புகள் முதல் நாளிலேயே சட்டத்தில் இருக்க வேண்டும். எதையும் தேர்ந்தெடுக்காதவர் சென்றடையும் கட்டணம் நியாயமான வரம்புக்குள் இருக்க வேண்டும். புதியவருக்கு ஒரு விலை, பழையவருக்கு ஒரு விலை என்ற பாகுபாடு தடுக்கப்பட வேண்டும். பிரிட்டன் அத்தகைய தடையை 2022-இல்தான் கொண்டுவந்தது. வருங்கால மின்சாரத்தை முன்கூட்டி வாங்கி வைக்கவும், இழப்பைத் தாங்கவும் முதல் இல்லாத நிறுவனத்துக்கு உரிமம் தரக் கூடாது.

ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது வீட்டார் செய்ய வேண்டிய வேலை. கணக்குப் போடத் தெரியாத வீட்டையும் கருத்தில் கொண்டு விதி வகுப்பது அரசின் வேலை. பிரிட்டன் முதல் வேலையைத் தன் குடிமக்களிடம் 1999-இல் ஒப்படைத்தது. இரண்டாவது வேலையைத் தான் தொடங்க 2019 வரை காத்திருந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளுக்கான கட்டணத்தைச் செலுத்தியவர்கள் அந்நாட்டின் முதியவர்களும் ஏழைகளுமே.