உளூவுக்குத் தகும் நீர், குடிக்கவும் தகுமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் பகுதி மக்கள். குடிநீர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றது அரசுத் தரப்பு. தண்ணீர் மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குச் சென்றன.

நோய் வந்த பிறகு கிடைக்கும் அறிக்கை காரணத்தைச் சொல்லலாம். போன உயிரைத் திருப்பித் தராது. அப்படியானால் நோய் வருவதற்கு முன்பே நாம் ஏன் தண்ணீரைப் பரிசோதிப்பதில்லை? கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் சுத்தமானது என்று நாம் நம்பிவிடுவதுதான் காரணம்.

மத்ரஸாவில் நாம் படித்த சட்டம் நினைவுக்கு வருகிறது. ஏராளமான நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாதவரை அது சுத்தமான நீரே. இது உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய சட்டம். ஆனால் நோய்க்கிருமிகள் இம்மூன்றில் எதையும் மாற்றாமலேயே நீரில் இருக்கும். ஹவுளில் உளூ செய்யத் தகும் நீர் பிள்ளைகள் குடிக்கத் தகுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

அங்கே முதலில் தேடுவது ஈகோலை என்னும் பாக்டீரியாவை. மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது அது. தண்ணீரில் அது தென்பட்டால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள். இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் முடிவு வர ஓரிரு நாட்களாகும்.

வீட்டிலிருக்கும் பழைய பாட்டிலில் நீர் பிடித்துக் கொடுத்தால் முடிவு தவறாகிவிடும். கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும்.

கிருமி மட்டுமே ஆபத்தல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீருக்கு ரசாயனப் பரிசோதனையும் தேவை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உள்ளன. பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். பள்ளிவாசல், மத்ரஸா, விடுதி, திருமண மண்டபம் ஆகியவற்றின் நீரை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பரிசோதிக்கும் பொறுப்பை ஜமாஅத் நிர்வாகங்கள் ஏற்க வேண்டும். அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நம் தெருவுக்கு வரும் நீரின் பரிசோதனை முடிவை நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் கேட்க வேண்டும். அது எல்லாச் சமூகத்தாரும் குடிக்கும் நீர். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மம். அது நல்ல தண்ணீர்தானா என்று பார்த்துக் கொடுப்பதும் அந்தத் தர்மத்தில் சேர்ந்ததே.