தண்ணீருக்கு யார் அண்டை வீட்டார்?

செம்பனை மரங்களைச் சாய்த்து நிலத்தைச் சமப்படுத்தும் இடங்களைக் கடக்கும்போது, பெரிய விளம்பரப் பலகையில் வீட்டு விலையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். என் கண் பக்கத்தில் ஓடும் பழைய கால்வாய்க்குப் போகிறது. ஆயிரம் வீடுகள் வரப்போகின்றன. அந்தக் கால்வாயோ தோட்டக் காலத்தில் வெட்டிய அதே அகலத்தில் கிடக்கிறது.

புதிய வீடுகளே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் பத்து ஆண்டுகளில் வீடு தேடி அலைவீர்கள். வீட்டுத் திட்டத்திற்கு அனுமதி கொடுக்கும்போது, மழைநீர் எங்கே போகும் என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஹெக்டர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை. நம் நாட்டு மாலை நேர இடிமழைக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. விழும் நீர் 6,000 கனமீட்டர். புல்லும் புதருமாக இருந்தபோது பத்தில் நான்கு பங்கு வழிந்தோடியது என்று வைத்துக்கொண்டால், 2,400 கனமீட்டர். கூரையும் தார்ச் சாலையும் சிமெண்டுத் தரையுமாக வரிசை வீடுகள் எழுந்தபின் அது பத்தில் எட்டுப் பங்காகிறது: 4,800. கூடுதலாக வருவது ஏறக்குறைய ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்துத் தண்ணீர். மண்ணில் மெல்ல ஊறி வந்தது போய், காங்கிரீட் கால்வாயில் வழுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் வந்து சேரும். சேரும் இடம், தாழ்வாக இருக்கும் பழைய தாமான்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'மஸ்மா' எனப்படும் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2001ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது. 2012இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதன் அடிப்படை நியாயமானது. மேம்பாட்டுக்குப் பிறகு ஒரு நிலத்திலிருந்து வெளியேறும் நீரின் உச்ச வேகம், முன்பு இருந்ததைவிடக் கூடக்கூடாது. புதிய தாமான்களின் ஒரு மூலையில் வேலி போட்ட குளத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வெட்டியதில்லை. மழையின் உச்சத்தை வாங்கி வைத்து, மெதுவாக வெளியே விடுவதுதான் அதன் வேலை.

ஆனால் அந்தக் குளம் தன் தாமானின் கணக்கை மட்டுமே பார்க்கிறது. ஒரே ஆற்றுப் படுகையில் ஐந்து மேம்பாட்டாளர்கள் ஐந்து திட்டங்களைக் கொண்டுவந்தால், தனித்தனியே ஐந்தும் தேறிவிடலாம். ஐந்து குளங்களும் தாமதப்படுத்தி விடும் நீர் கீழே ஒரே நேரத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் கடல் பெருக்கும் இருந்தால், கிள்ளான் போன்ற கரையோரப் பகுதிகளில் ஆறு கடலுக்குள் வடிய வழியே இருக்காது. ஆகவே தனித் திட்டத்தின் கணக்கோடு படுகை முழுவதற்குமான கணக்கையும் கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்பேன்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதற்கு ஏதோ ஒரு குடியிருப்புத் திட்டத்தைக் குற்றவாளியாக்க முடியாது. ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டினால் எந்தக் குளமும் தாங்காது. ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் தெம்பை ஓர் ஊர் அன்றாட மழைகளிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுகிறது.

இனி அந்தக் கேள்வி: யாரிடம் கேட்கிறோம்? கோலாலம்பூர் நீங்கலாகத் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குத் தெரிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது. பக்கத்து நிலம் எது? ஒட்டியிருக்கும் நிலம்; இடையில் சாலையோ கால்வாயோ இருந்தால் அதன் அகலம் 20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. முட்டுச் சந்தானால் மட்டும் 200 மீட்டர் வரை. போக்குவரத்துக்கும் தூசிக்கும் இந்த அளவு சரியாக இருக்கலாம். மழைநீருக்கு இது பொருந்தவே பொருந்தாது. இரண்டு கிலோமீட்டர் கீழே இருப்பவர்தான் அதற்கு உண்மையான அண்டை வீட்டார். அவருக்கு ஒரு கடிதமும் வருவதில்லை. வாடகைக்கு இருப்பவர் என்றால் எந்தக் கணக்கிலும் இல்லை.

சட்டம் மாறும்வரை ஊராட்சி மன்றங்கள் இரண்டு நிபந்தனைகளையாவது கறாராகப் போடலாம். முதலில் குளம், பிறகு வீடு. மண் வேலை நடக்கும் காலத்தில் கரைந்து வரும் செம்மண்ணை அந்தக் குளமே பிடித்து வைக்கும். கீழே இருப்பவரின் கால்வாய் தூர்ந்து போகாது. அடுத்தது, தாமானை ஒப்படைத்தபின் குளத்தைத் தூர்வாருவது யார், பணம் எங்கிருந்து என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுவது. சேறும் குப்பையும் பாதி அடைத்த குளம் பாதிக் குளம்தான், வரைபடத்தில் அது எவ்வளவு ஆழமாக இருந்தாலும்.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, யாரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். அதற்குத் தூர எல்லை கிடையாது. உங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாய் எந்த ஆற்றில் சேர்கிறது, அதன் மேற்பகுதியில் எந்த நிலங்கள் குடியிருப்பாக மாறப்போகின்றன என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுங்கள். கனமழை நாளில் கால்வாய் எந்த மட்டம்வரை ஏறியது என்பதைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மலாயில் ஆட்சேபக் கடிதம் எழுத உங்கள் பெற்றோர் தயங்கலாம். எஸ்.பி.எம். தேர்வுக்காக அதிகாரப்பூர்வக் கடிதத்தைப் பத்து முறையாவது எழுதிப் பழகிய நீங்கள் அதை ஒரே மாலையில் முடித்துவிடுவீர்கள்.