எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

கடந்த கல்லறைத் திருநாளுக்கு முந்திய மாலை. இறந்தோர் நினைவுத் திருப்பலிக்காகப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் தம் கணவர் பெயரையும் தமக்கை பெயரையும் சொன்னார், எழுதினேன். அடுத்து மகன் பெயரைச் சொன்னார். எழுதப் போன என் கையைத் தடுத்துவிட்டு, "அதில எழுத வேண்டாம், சுவாமி. அவன் செத்ததை ஒருத்தரும் காணேல்ல. காணாமற் போனவைக்கு வேற புத்தகம் இல்லையோ?" என்று கேட்டார்.

என்னிடம் வேறு புத்தகம் இல்லை. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி. அவை என் அலமாரியில் இருக்கின்றன. உயிரோடு இருப்பதாகவும் இறந்ததாகவும் சொல்ல முடியாத ஒரு மகனுக்கு அவற்றில் இடமில்லை.

அவர் போனபின், அருகிலிருந்த பங்குப் பெரியவர் ஒருவர், "பாவந்தான், சாமி. ஆனால் அதெல்லாம் அரசியல், குருவானவருக்கு எதற்கு?" என்றார். நல்ல மனிதர், நாள்தோறும் திருப்பலிக்கு வருபவர். நம்மில் பலரின் கருத்தைத்தான் அவர் சொன்னார். ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

போர்க்காலத்துக் கிராமப் பங்குத்தந்தை என்றதும் வீரரையோ அரசியல்வாதியையோ நாம் கற்பனை செய்கிறோம். ஈழத்தில் அவர் செய்தது பெரும்பாலும் நாம் இங்கே செய்யும் வேலைதான். திருப்பலி நிறைவேற்றினார், யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்தார். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார், இறந்தவரைப் புதைத்தார், பெயரை எழுதிவைத்தார். வராதவரைத் தேடிப் போனார். போர் இல்லாத ஊரில் இதற்கு மேய்ப்புப்பணி என்று பெயர். போர் நடக்கும் ஊரில் இதுவே உயிருக்கு ஆபத்தான செயலாகிறது.

1985 ஜனவரியில் மன்னார் மறைமாவட்டத்து வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியான் கொல்லப்பட்டார். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரி ஆலயம் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. பங்குத்தந்தை ஜிம் பிரவுன் எஞ்சிய மக்கள் ஊர்காவற்றுறைக்குச் செல்ல உதவினார். ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 20 அன்று, அவரே காணாமற்போனார். 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்கால் முடிவில், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் சரணடைந்தவர்களோடு சென்றார். அவர்களுடைய பெயர்களை அவர் ஒரு பட்டியலாக எழுதினார் என்று கண்டவர்கள் சொல்லியிருக்கின்றனர். அந்தப் பட்டியலும் இல்லை, அவரும் திரும்பவில்லை.

ஏன் பட்டியல்? பெயர் எழுதப்பட்டவரை மறைப்பது கடினம் என்பதை அந்த முதிய குரு அறிந்திருந்தார். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு இலங்கை அரசின் ஆணைக்குழு முன் வைத்ததும் ஒரு கழித்தல் கணக்குதான். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059. அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். 2021-இல் அவர் இறக்கும்வரை அக்கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

இது அரசியல் என்றால், காணாமற்போன ஆட்டைப் பற்றிய ஆண்டவரின் உவமையும் அரசியலே. நூறில் ஒன்று குறைந்தது அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எண்ணினான். எண்ணாதவன் தேடிப் போகமாட்டான்.

"குரு நடுநிலையாக இருக்கவேண்டாமா?" என்பார்கள். இருக்கவேண்டும். 2009-இல் வலைஞர்மடம் ஆலயத்தில், கட்டாய ஆள்சேர்ப்புக்கு அஞ்சிய இளைஞருக்குக் குருக்கள் அடைக்கலம் கொடுத்தனர். விடுதலைப் புலிகள் ஆலயத்துக்குள்ளிருந்தே அவர்களை இழுத்துச் சென்றனர். அடுத்த சில வாரங்களில் அதே வளாகத்தில் எறிகணை விழுந்து குரு ஒருவர் ஒரு காலை இழந்தார். இரு தரப்புக்கும் ஆகாதவராக மக்களோடு நின்ற அவர்களிடம் இருந்தது நடுநிலை. தொலைவில் நின்று "நமக்கு எதற்கு?" என்பதற்கு வேறு பெயர் உண்டு.

கடல் கடந்த கதை இது என்று தள்ளிவிடவும் முடியாது. பங்குத்தந்தை ஏழைகளையும் துன்புறுவோரையும் தாய்நாட்டை இழந்தோரையும் தனி அக்கறையோடு தேடவேண்டும் என்கிறது 529-ஆம் விதி. தாய்நாட்டை இழந்தோர் நமக்குப் பேருந்துத் தொலைவில் இருக்கிறார்கள். 2022-இல் அரசு தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டிக்கொடுத்தது, அது நன்று. ஆனால் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த கிறித்தவரைக் கருத்தில் கொள்கிறது. இலங்கையிலிருந்து வந்தவரை, கிறித்தவரோ இந்துவோ, விட்டுவிட்டது. இதைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசினோம்? கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பழைய உடைகளைச் சேர்த்து அனுப்பிவிட்டு, தேர்த் திருவிழாவின் மின்விளக்குகளுக்கு இரண்டு கூட்டம் போடுகிறோம்.

குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவன் நானே. இப்பகுதியில் இத்தனை ஆண்டுகள் பணி செய்தும், அந்த அம்மையாருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதை அன்று மாலைதான் அறிந்தேன்.

மறுநாள் நீளமான குறிப்பேடு ஒன்று வாங்கினேன். பெயர், பிறந்த ஊர், கடைசியாகக் கண்ட நாள், கண்டவர் என்று நான்கு பத்திகள் இட்டேன். அது இறப்புப் பதிவேட்டின் அருகில் இருக்கிறது; அதற்குள் இல்லை. இதுவரை ஏழு பெயர்கள் எழுதியுள்ளேன். நவம்பர் 2-க்கு அவற்றை வாசிப்பதில்லை. ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், உயிரோடிருப்போருக்காக மன்றாடும் இடத்தில் வாசிக்கிறேன்.

முகாம்களை அடுத்துள்ள பங்குகள் ஒவ்வொன்றும் இத்தகைய குறிப்பேடு ஒன்றைத் திறக்கட்டும். அம்மக்களுக்குப் பங்குப் பேரவையில் இடம் கொடுக்கட்டும். உடை கொடுக்கும்போது மட்டும் அவர்களைக் கூப்பிட வேண்டாம். அரசியல் என்று அஞ்சும் பெரியவர்கள் ஒருமுறை என்னோடு தோட்டனூத்துக்கு வரட்டும். எழுதுவதற்கு இன்னும் பெயர்கள் இருக்கின்றன.