மருந்தும் காத்தும் காலனியும்

காத்துக்கு எதிரே மருந்தடிக்கக் கூடாது என்று வேளாண்மைத் துறை துண்டறிக்கை போடுகிறது. சரியான பேச்சுதான். ஆனா யாருக்குச் சொல்றாங்க? நிலத்துக்காரர் எப்பவுமே காத்து வர்ற பக்கத்து வரப்பில்தான் நிற்கிறார். அவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகில் டேங்க் சுமக்கிறவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் அடிக்கிறான். ஏன் அடிக்கிறான் என்பதுதான் இங்கே பேச்சு.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றால் தோழர்களுக்குக் கார் கம்பெனிதான் நினைவுக்கு வரும். கம்பெனி மதிலுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே மிச்சமிருக்கிற கழனியில் இன்னும் நெல் விளையுது. மதிலுக்கு உள்ளே எங்க பையன் காண்ட்ராக்ட் கூலி. அவன் வேலை நிரந்தரமில்லை, அது தனிக்கதை. ஆனாலும் ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் அவனை உள்ளே விடமாட்டான். மதிலுக்கு வெளியே அவன் அப்பன் லுங்கியை மடிச்சுக் கட்டி, மூக்கில் ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு, வெறுங்காலோடு சேத்தில் இறங்கி மருந்தடிக்கிறார். ஈரத்துண்டு மருந்தைத் தடுக்காது, உறிஞ்சி வச்சு மூக்குக்கே கொடுக்கும்.

நானும் மருந்தடிச்சவன்தான். கத்துக்கிட்டதைச் சொல்றேன். காத்தே இல்லாத விடியக்காலையும் ஆகாது. பொடித்துளி கீழே இறங்காமல் பனிமூட்டம் மாதிரி அப்படியே நிற்கும். கன்னத்தில் காத்து பட்டு இலை லேசாகச் சலசலக்கணும், மணிக்கு மூணிலிருந்து ஏழு கிலோமீட்டர் வேகம். சின்னக் கிளை விடாமல் ஆட ஆரம்பிச்சால் டேங்கை இறக்கிடணும். காத்து போய்ச் சேர்கிற ஓரத்தில் தொடங்கி, காத்துக்குக் குறுக்கே நடந்து, ஒவ்வொரு நடைக்கும் காத்து வர்ற பக்கமாக நகரணும். அப்போ மருந்து பட்ட பயிர் ஒருபக்கம் விலகிப்போகும், நாம காய்ஞ்ச பயிரில் நடப்போம். அழுத்தத்தை ஏத்தினால் துளி பொடியாகும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன துளி பயிரில் உட்காராது, ஊர் சுத்தும். சொர்ணவாரியில் புகையான் விழுந்தால் அது தூரில், தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்துதான் சாறு உறிஞ்சும். நாசிலைத் தாழ்த்தித் தூரில் அடிச்சால் பூச்சியும் சாகும், காத்துக்குப் போகிறதும் குறையும். தலைக்கு மேலே வீசி அடிக்கிற மருந்து அவர் காசுக்கும் நட்டம்தான்.

இவ்வளவு தெரிஞ்சவன் ஏன் ஆடிக் காத்தில் அடிக்கிறான்? கூலி டேங்க் கணக்கு. காத்து ஏறுதேன்னு இறக்கி வைச்சால் மிச்ச டேங்குக்குக் கூலி இல்லை. ஒருதடவை பாதியில் நிறுத்தினேன். “காத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியாடா?” என்றார், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். அந்த ‘டா’வில் இருக்கு சங்கதி. மறுவாரம் அந்தக் கழனிக்கு வேறு ஆள்.

எங்க காலனி ஊருக்குக் கிழக்கே. ஆடியில் அடிக்கிறது மேல்காத்து. ஊரைத் தாண்டி, கழனியைத் தாண்டி, மருந்தைத் தூக்கிக்கிட்டு எங்க சோத்துப்பானைக்கும் தண்ணிக் குடத்துக்கும் வருது. சாயங்காலம் கடக்காத்து திரும்பி ஊர்ப்பக்கம் வீசும். அப்போ மட்டும், “காத்தா இருக்கு, காலையில வா” என்பார். ஆக, காத்துச் சாத்திரம் அவருக்கும் நல்லாவே தெரியுது! காலனி என்ற பேரை அரசுப் பதிவிலிருந்து நீக்குவோம் என்று 2025இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேர் போகட்டும், நல்லதுதான். மேல்காத்துக்கு யார் அறிவிக்கிறது?

காசர்கோட்டில் கேரள அரசின் தோட்டக் கழகம் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை முந்திரித் தோப்புகள்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. கீழே இருந்த வீடும் கிணறும் கணக்கில் வரவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடு என்று உத்தரவிட 2017 ஆனது. அதே 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம பெரம்பலூர் பருத்திக்காட்டிலும் சாவு விழுந்தது. உடனே, கையுறை போடலை, முகமூடி போடலை என்று செத்தவன் மேலேயே பழி. 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் மருந்தடிக்கிறவனுக்குப் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை, முதலுதவி, பயிற்சி எல்லாம் எழுதியிருந்தது. எந்த நிலத்துக்காரர் வாங்கிக் கொடுத்தார்? எந்த அதிகாரி வரப்பில் வந்து கேட்டார்?

1984 போபாலும் பூச்சிமருந்துக் கம்பெனிதான், அங்கேயும் விஷம் முதலில் போனது மதிலை ஒட்டின குடிசைகளுக்குத்தான். அதுக்கு அப்புறம், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்து கிட்டே வருதுன்னு சொல்ற உரிமையை அபாயகரமான வேலை செய்கிற தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகம் உடனே கவனிக்கணும் என்றும் எழுதினார்கள். அது மதிலுக்கு உள்ளே. கழனியில் அதைச் சொல்கிறவனுக்கு ‘டா’தான் கிடைக்குது. நமக்குத் துண்டறிக்கை போதாது. காத்து ஏறினால் டேங்கை இறக்குவேன், அன்றைய கூலி குறையக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் வேணும். காலனியை ஒட்டின ஓரத்தில் மருந்து படாத வரிசைகள் விடணும். என்ன மருந்து, என்றைக்கு என்று முதல்நாளே சொல்லணும். இப்போ டிரோன் வருது என்கிறார்கள். வரட்டும். அது இன்னும் உயரத்திலிருந்து தெளிக்கும், அதையும் நாம்தான் கேட்கணும்.

எங்க ஊரில் மருந்தடிக்கிறவங்க ஆறு பேர். வர்ற சொர்ணவாரிக்கு டேங்க் கணக்கு வேணாம், நாள் கூலிதான் என்று மாரியம்மன் திட்டில் உட்கார்ந்து பேசினோம். ஒருத்தர் பின்வாங்கிட்டார். அவருக்கு நிலத்துக்காரரிடம் கடன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடனை அடைக்க மீதி ஐந்து பேரும் சீட்டு சேர்ந்திருக்கோம், இரண்டு மாசம் கட்டியாச்சு.