பைக்குழலுக்குப் புதுமெட்டு வேண்டும்

மக்கள் தம் நினைவுகளைக் கல்லிற் பொறிப்பர், ஏட்டில் எழுதுவர். ஸ்கொத்லாந்தின் மலைநாட்டாரோ அவற்றைக் குழலிசையிலும் வைத்துக் காத்தனர். மாண்டவருக்கு இரங்கல், தலைவனுக்கு வாழ்த்து, குலத்தாருக்குப் போரழைப்பு, ஊர் நீங்குவோருக்கு விடையிசை என அவர்தம் மெட்டுக்கள் பல ஒருவர் பெயரையோ ஒரு நிகழ்ச்சியையோ தாங்கி நிற்கின்றன. ‘முன்னோர் ஆக்கியன போதும், அவற்றைப் பிழையற வாசித்தலே நம் கடன்’ என்பாரும் உளர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

பாக்பைப் எனப்படும் பைக்குழல் மிகக் குறுகிய எல்லையுடைய கருவி. மெட்டிசைக்கும் குழலில் ஒன்பது சுரங்களே உள. பையிலிருந்து காற்று இடையறாது வருதலின், ஒலியை மெலிவிக்கவோ வலிவிக்கவோ இடையில் நிறுத்தவோ இயலாது. தோள்மீது சாய்ந்த மூன்று சுருதிக்குழல்கள், நாதசுரத்துக்கு ஒத்துப் போல, ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். ஒரே சுரம் அடுத்தடுத்து வரின், இடையே நுண்ணிய அணிச்சுரத்தைத் தெறித்தே பிரித்துக் காட்டல் வேண்டும். இத்துணைச் சிறிய எல்லைக்குள் புதிதாக யாது கூறமுடியும் என ஐயுறுவார்க்கு அக்கருவியின் வரலாறே விடை பகரும்.

ஸ்கை தீவிலே மக்லியொட் குலத் தலைவர்க்குப் பரம்பரைக் குழலிசைஞராய் விளங்கியோர் மக்கிரிமன் குடும்பத்தார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பற்றிக் மோர் மக்கிரிமன், தம் மைந்தர் எண்மருள் எழுவரை ஓராண்டுக்குள் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அத்துயரிற் பிறந்ததாகக் கூறப்படுவதே ‘பிள்ளைகளுக்கு இரங்கல்’. எளியதோர் அடிமெட்டு முதலில் எழும். பின்னர் அதுவே படிப்படியாக விரிந்து, இறுதியில் தொடங்கிய இடத்துக்கே மீளும். புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களைக் கற்றோர்க்கு இவ்வுணர்வு அயலானதன்று.

பிற்காலத்தாரும் வாளாவிருந்தாரல்லர். 1916ஆம் ஆண்டின் சொம் போரை நேரிற் கண்ட குழற்படைத் தலைவர் வில்லியம் லோறி, அப்போரின் பெயராலேயே ஒரு நடைமெட்டு ஆக்கினார்; அவ்வாண்டு முடியுமுன்னரே நோயுற்று மறைந்தார். ஆயிரமாயிரவர் மடிந்த களத்தின் பெயரைத் தாங்கிய அம்மெட்டில் வெற்றி முழக்கம் இல்லை, அமைதியே உண்டு. 1982இல் போக்லாந்துத் தீவுகளில் டம்பிள்டவுன் மலைப்போர் முடிந்தபோது, ஜேம்ஸ் றிடெல் என்னும் குழலிசைஞர் உணவுப் பொதியின் அட்டையிலேயே புதுமெட்டுக்குச் சுரம் குறித்தார் என்பர். போர் மட்டுமன்று, நீர்க்குழாயிலிருந்து சொட்டிய துளிகளின் ஓசையும் ஜீ. எஸ். மக்லெனன் என்பாருக்கு ஒரு மெட்டாயிற்று என்று கூறுவர்.

‘இவை போரைப் போற்றுவன அல்லவோ?’ எனச் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. ஆயின் முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஜோன் மக்லெலன் ஆக்கிய ‘பிளாண்டர்ஸின் குருதிக் களங்கள்’ என்னும் மெட்டின் பிற்கதையை நோக்குக. ஹேமிஷ் ஹென்டர்சன் 1960இல் இயற்றிய விடுதலைப் பாடலுக்கு அம்மெட்டே இசையாயிற்று. போர்க்களத்தின் பெயர் பூண்ட இசை, பேரரசையும் அடக்குமுறையையும் மறுக்கும் பாட்டுக்கு உடலாகியது! நல்ல மெட்டு ஆக்கியோன் கருதிய எல்லையையும் கடந்து வாழும்.

எனினும், பெயர் சூட்டியதனாலேயே ஒரு மெட்டு நினைவுச்சின்னமாகிவிடாது. விருந்துக்கும் விழாவுக்கும் அவசரமாகப் புனைந்து, பெரியார் ஒருவர் பெயரை ஒட்டிவைத்தல் முகமனேயன்றி இசையாகாது. பெயரை நீக்கிய பின்னும் மெட்டு நெஞ்சைத் தொடுகின்றதா என்பதே எமது உரைகல். கேட்டவன் முதலில் உருகி, அதன்பின் ‘இது யாருக்காக?’ என வினவுதல் வேண்டும். மேலும், தலைவரும் தளபதியருமே இசைக்கு உரியவர் என்னும் வழக்கமும் மாறுதல் வேண்டும். கடலில் மாண்ட மீனவனுக்கும், சிறுவர்க்குக் குழல் பயிற்றிய ஆசானுக்கும் அவ்வொன்பது சுரங்களில் இடமுண்டு.

பழைமை எனப் போற்றப்படும் ஒவ்வொரு மெட்டும் ஒருநாள் புதிதாய் இருந்ததே. ‘முன்னோர் ஆக்கியன போதும்’ என்று பற்றிக் மோரும் எண்ணியிருப்பின், அவ்விரங்கலை உலகு கேட்டிராது. காத்தலும் ஆக்கலும் ஒரே கடனின் இரு கூறுகள். ஒன்றை விடுத்தார்க்கு மற்றதும் நெடுநாள் நில்லாது.